கிரிஸ்டல் ஜோடி

மத்தியானக் கஞ்சிக் கோப்பையை எடுக்க வந்தபோது அவருடைய ரேடியோப் பெட்டியின் ஏரியல் மறுபடியும் நீட்டிக்கொண்டு நின்றது.

காலையில்தான் யோகம்மா அதை இறக்கி வைத்தாள். போர்வையை உதறும்போது கண்ணில் குத்துமே என்ற எரிச்சலில், முனையில் உள்ளங்கையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய் இறங்கிக் கடைசியில் 'டக்' என்று நின்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது பார்த்தால், கட்டிலின் விளிம்பையும் தாண்டி, மழை நாளின் அழுக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருக்கிறது சனியன். வேலைக்கு வரும் மஹ்பூபா இழுத்து வைத்திருப்பாள் என்று நினைக்கலாம். ஆனால் கட்டிலில் கிடக்கும் புருஷனைக் குளிப்பாட்டிவிட்டு அவள் கிளம்பிப் போனது காலையிலேயே. அதற்குப் பிறகு இந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி அடுப்படியில் நின்றாள். இன்னொருவருக்கு வலப்பக்கம் முழுவதும் செத்துக் கிடக்கிறது. இடது கையிலும் கட்டைவிரல் மட்டும்தான் அசையும்.

"இஞ்சேருங்கோ, இதை ஆர் இழுத்தது?" என்று கேட்டாள்.

விநாசித்தம்பி கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பக்கவாதம் வந்து, பேச்சு போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பேச்சு இருந்த காலத்தில் மட்டும் கட்டினவளோடு என்ன பேசிக் கிழித்தார்? துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. அங்கே நாள் முழுக்க மேலதிகாரிகளுக்குத் தலையாட்டிவிட்டு, ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து சொடக்குப் போடுவார். தேத்தண்ணியா, பேப்பரா, கால் பிடிக்கவா என்று சொடக்கின் சத்தத்தை வைத்தே யோகம்மா கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தாள். அதுதான் கொடுமை. கலியாணமான சில மாதத்திலேயே, சொடக்குக் கேட்பதற்கு முந்தியே அவள் கால் எழுந்துவிடப் பழகியிருந்தது.

பிள்ளை இல்லை. அந்த மனுசனுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை ரேடியோ படகு. ஞாயிற்றுக்கிழமையானால் குளத்தங்கரைக்குப் போய், இரண்டு கையாலும் ஏரியல் வைத்த அந்த ரேடியோப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் தூரத்தில் ஓடும் சின்னப் படகைக் கட்டைவிரலால் திருப்புவார். அங்கே எல்லாரும் அவரவர் ரேடியோ அலைக்கு ஒரு நிறத் துணியை ஏரியலில் கட்டியிருப்பார்கள். ஒரே நிறத்தில் இரண்டு பேர் பெட்டியைத் திறந்தால் படகுகள் பைத்தியம் பிடித்துத் திரியுமாம். இவருடைய ஏரியலில் கட்டியிருந்தது அரக்குச் சிவப்பு. அவளுடைய கலியாணக் கூறைச் சேலையின் தலைப்பில் ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரித்து எடுத்த துண்டு. கேட்டதற்கு, "அது சும்மாதானே கிடக்கு" என்றார். அன்றைக்கு அவள் அழுதாள். சேலைக்காகத்தான் அழுகிறாள் என்று அவர் நினைத்தார்.

படுக்கையில் விழுந்த பிறகும் அந்தப் பெட்டி இடது கைக்கு அடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், கொட்டில் மாடு போல. விரலுக்குப் பயிற்சிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர். அதனால் இரவும் பகலும் ஸ்டிக் என்கிற அந்தக் குட்டிக் குச்சியைக் கட்டைவிரல் தள்ளும். விட்டால் ஸ்பிரிங் இழுத்து நடுவுக்கு வந்து 'கட்' என்று நிற்கும். கட். கட். யோகம்மாவுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

குனிந்து பெட்டியின் பின்மூடியைத் திறந்து பார்த்தாள். பாட்டரி கசிந்து பச்சை பூத்துப்போய் அவளே எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து மாசக்கணக்காகிறது. உள்ளே வெறும் ஸ்பிரிங்கும் துருவும். மூடியை அடைத்தாள். நெஞ்சில் எங்கேயோ ஊசி குத்தினதுபோல் சுருக்கென்றது. சட்டைக்குள் கையைவிட்டுத் தாயத்தைத் தள்ளிவிட்டுச் சொறிந்துகொண்டாள். இரண்டு நாளாகவே அந்த இடத்தில் அரிப்பு, சின்னதாக இரண்டு சிவப்புப் புள்ளி.

நாளைக்குப் பொழுது சாய்வதற்குள் இந்த வீட்டைவிட்டுப் போய்விடுவாள். அந்த நினைப்பு ஒன்றுதான் இனிப்பு. அக்கரையில், பட்டர்வொர்த்தில், தங்கை கமலாம்பிகையின் மகளுக்குக் கலியாணம். மஹ்பூபா ஒரு வாரம் இங்கேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். கடலுக்குக் குறுக்கே பாலம் திறந்து இரண்டு வருஷமாகிவிட்டது, உலகமே அக்கரைக்கும் இக்கரைக்கும் காரில் பறக்கிறது. யோகம்மா கலியாணமாகி வந்த நாள் முதல் இந்தத் தீவுக்கு வெளியே ஓர் இரவுதான் தூங்கியிருக்கிறாள். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் கோபத்தில் ஃபெரி ஏறித் தங்கை வீட்டுக்குப் போன இரவு. விடிந்ததும் அவர் வந்து நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கூட்டிவந்து, கொஞ்ச நாள் கழித்து ஒரு தட்டையான வெள்ளித் தாயத்தை அரக்கு வைத்து அடைத்துக் கொண்டுவந்து, "உனக்குப் பயம் தட்டியிருக்கு, மந்திரிச்சது, கழற்றாதே" என்று அவர் கையாலேயே கழுத்தில் கட்டினார். அவளுக்கு அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவி மகளுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை சிக்கந்தர் வந்திருந்தான். தெருக்கோடியில் மோட்டார் எஞ்சின் பட்டறை வைத்திருப்பவன், அவரோடு குளத்தில் படகு விட்டவன். அலமாரியில் தூங்கும் படகோடு இந்தப் பெட்டியையும் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று அவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். இது அவள் அவரைக் கேட்காமல் செய்த இரண்டாவது காரியம்.

அவன் வந்ததும் அவர் கைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து, படகைப் பார்த்து நீட்டி, "இப்படித்தானே தம்பி?" என்று காட்டினாள்.

சிக்கந்தர் சிரித்தான். "அய்யோ அக்கா, இது டிவி ரிமோட் இல்ல லா! ஏரியல் முனையை நேரா படகுக்குக் காட்டவே கூடாது. அந்த முனைக்கு நேர்லதான் சிக்னல் ரொம்பக் குறைச்சல். பக்கவாட்டுல பிடிக்கணும். ஏரியல் பக்கத்துல இருந்துதான் அலை கிளம்பும்."

பிறகு பெட்டியின் பக்கத்திலிருந்து சின்னதாக ஒன்றைப் பிடுங்கிக் காட்டினான். தட்டையான தகரக் கூடு, அடியில் இரண்டு கம்பிக்கால்.

"இதுதான் கிரிஸ்டல். உள்ள ஒரு கல்லுத் துண்டு. கரண்டு பட்டா ஒரே வேகத்துல துடிக்கும், மாறவே மாறாது. அதுதான் பஸ் நம்பர்னு வச்சுக்கங்களேன். அலை காலி பஸ் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். ஸ்டிக்கை அசைச்சா, அந்த அலையை நடுநடுவுல வெட்டி, வெட்டுக்கு வெட்டு இடைவெளியைக் கூட்டிக் குறைச்சு அனுப்பும். அதுதான் சேதி. பஸ்ல ஆளு ஏறின மாதிரி. படகுல இதோட ஜோடி கிரிஸ்டல் இருக்கும். அது இந்த நம்பர் பஸ்ஸை மட்டும்தான் நிறுத்தும், வேற எதையும் கண்டுக்காது."

"ரெண்டும் ஒண்டுதானோ?"

"பார்க்க ஒண்ணுதான். ஆனா துளி வித்தியாசம் இருக்கு. மாத்திப் போட்டா வேலை செய்யாது. ஒண்ணு சொல்ற கல்லு, ஒண்ணு கேக்குற கல்லு."

அவன் படகின் மேல்தட்டைக் கழற்றி உள்ளே பார்த்தான். நெற்றி சுருங்கியது. "போட்டுல சிவப்பு ஜோடியோட கல்லு இருக்கு. பெட்டியில இருக்கிறது சிவப்பு இல்லையே. இது அண்ணன் ஸ்பெஷலா வெட்டச் சொல்லி வெளிநாட்டுல இருந்து வரவழைச்ச ஜோடி. எங்ககிட்ட காட்டினாரு, ஆனா குளத்துல ஒரு நாளும் ஓட்டிப் பார்த்ததில்ல. இந்த ஜோடியோட கேக்குற கல்லு எங்கக்கா?"

அவளுக்கு என்ன தெரியும். தேடிப் பார்க்கிறேன் என்றாள். சிக்கந்தர் படகுக்குள் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைச் சுட்டி, "இதைப் பாருங்க, அண்ணன் கையால கட்டினது" என்று பெருமையாகச் சொன்னான். "சிக்னல் அறுந்தா மத்தவங்க போட் கண்ணு காணாத இடத்துக்கு ஓடிப் போயிடும். இவரு போட் மட்டும் வேகத்தைக் குறைச்சு, சுக்கானை ஒரே பக்கமா ஒடிச்சு, அதே இடத்துல வட்டம் போட்டுக்கிட்டே இருக்கும். யாராவது போய்த் தூக்குற வரைக்கும். முன்னாடியே பழக்கி வச்சிடுவாரு. போனாலும் போகாது லா!"

கட்டிலிலிருந்து அந்த மாட்டுச் சத்தம் வந்தது. சிக்கந்தர் பயந்துபோய்க் கிரிஸ்டலைத் திரும்பப் பெட்டிக்குள் செருகினான். அப்போதுதான் யோகம்மா கவனித்தாள், தான் கட்டிலுக்கு மறுபக்கம் நிற்பதை. இந்தப் பக்கம் நின்றுதானே பேசிக்கொண்டிருந்தாள்? போர்வையை இழுத்துவிட வந்திருப்பாள் போலிருக்கிறது. அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். ஜோடி கிடைத்ததும் வருகிறேன் என்று சிக்கந்தர் போய்விட்டான்.

கஞ்சிக் கோப்பையை எடுத்த அதே வியாழக்கிழமை, அந்தி. கமலாம்பிகை போன் பண்ணினாள். டெலிபோன் கூடத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில்.

"அக்கா, நாளைக்குக் கட்டாயம் வாறீங்கள்தானே? கலியாணப் பொம்பிளைக்கு நீங்கள்தான் பூ வைக்கோணும்."

"வாறன் பிள்ளை. இந்த முறை ஆர் தடுத்தாலும் வாறன்."

கட், என்றது கட்டில்.

யோகம்மாவின் கை போனைக் கீழே வைத்தது.

அவள் வைக்கவில்லை. கை வைத்தது. தங்கையின் குரல் பாதி வார்த்தையில் நின்றுபோனது. யோகம்மா தன் வலக்கையைப் பார்த்தாள். அது ரிசீவரின் மேலே, ஒழுங்காக, அடக்கமாக இருந்தது. திரும்பவும் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். கை எழும்பவில்லை. மணி ஓய்ந்த பிறகுதான் விரல்களில் ரத்தம் ஓடினது. சர்க்கரை கூடியிருக்கும், நரம்புத் தளர்ச்சி, இரவில் தூக்கமில்லை, காரணமா கிடைக்காது? எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் குழம்பைக் கிண்டினாள். கூடத்திலிருந்து கட் என்று கேட்டது. அகப்பை இடப்பக்கம் திரும்பியது. கட். வலப்பக்கம். மிளகாயும் புளியும் கொதிக்கிற வாசனைக்கு நடுவே, தன் மணிக்கட்டு யாரோ பிடித்துத் திருப்புவதுபோல் இடம் வலமாக ஒடிவதை அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயோ கடவுளே, இது என்ன விளையாட்டு?

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மஹ்பூபா காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டி, "சாயங்காலம் துணிமணியோட வந்திடுறேன் அக்கா, நீங்க நிம்மதியா போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். யோகம்மா பைக்குள் சேலைகளை அடுக்கினாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் சேலைகள் அலமாரியில், பழைய மடிப்பிலேயே. மறுபடி அடுக்கினாள். இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்தாள்: கட் என்ற சத்தத்துக்கு அவளுடைய இரண்டு கையும் பைக்குள் போய், ஒவ்வொன்றாக எடுத்து, அலமாரியில் வைத்தன. தன் கையைத் தானே பிடித்து நிறுத்துவதற்கு இன்னொரு கை இல்லை.

அப்போது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கூடத்துக்கு ஓடினாள்.

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? மலமும் சலமும் அள்ளிப் போடுறன். போதாதோ?"

விநாசித்தம்பியின் கண்கள் கூரையிலிருந்து மெல்ல இறங்கி அவளுடைய முகத்தில் நின்றன. குளத்தங்கரையில் தூரத்துப் படகைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. கட்டைவிரல் ஸ்டிக்கின் மேல் இருந்தது. ஏரியல் முழு நீளத்துக்கு நீண்டிருந்தது. அரக்குச் சிவப்புத் துணி காற்றில்லாமலே ஆடியது.

சாயங்காலமாயிற்று. மஹ்பூபா வரவில்லை, பெரிய ரோட்டில் தண்ணீர் ஏறியிருக்கும். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இனி ஒரு நிமிஷம் இங்கே இருக்க முடியாது. பையில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். இரும்புக் கதவு நாலடி தூரத்தில். தெருவில் ஒரு பள்ளிப் பெண் குடை பிடித்துப் போகிறாள். ஒரு சத்தம் போட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

கட்.

கால் திரும்பியது. ஈரத் தரையில் செருப்புக் கிறீச்சிட, தளபதிக்கு முன்னால் சிப்பாய் திரும்புவதுபோல் திரும்பி, அவள் கூடத்துக்குள் நடந்து போய்க் கட்டிலின் காலடியில் நின்றாள். வாய் மட்டும் அவளுடையதாக இருந்தது. "விடுங்கோ" என்றாள். "விடுங்கோ, விடுங்கோ." திரும்ப முயன்றாள். திரும்ப வாசல். திரும்பக் கட்டில். வெளியே மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது, கூடத்தில் டெட்டால் நாற்றமும் பழைய பவுடர் நாற்றமும்.

அப்போதுதான் சிக்கந்தர் சொன்னது ஞாபகம் வந்தது. முனைக்கு நேரே சிக்னல் குறைச்சல்.

ஏரியல் இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறது? பின்பக்கம். ஜெலுத்தோங்கின் இந்த வரிசை வீடுகள் எல்லாம் ஒரே நேர்கோடு: கூடம், நடை, அடுப்படி, பின்கதவு, சந்து. ஏரியல் முனை நடையின் வழியே பின்கதவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. யோகம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முனைக்கு நேரே போய் நின்றாள். அங்கிருந்து பார்க்கும்போது அத்தனை நீள ஏரியலும் சுருங்கி, கறுப்பாக ஒரே ஒரு புள்ளி. கட், என்றது ஸ்டிக். கால் லேசாக நடுங்கியது. அவ்வளவுதான்! கால் அவளுடையது.

புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் நடந்தாள். புள்ளியாகத் தெரிகிற வரைக்கும் பயமில்லை. கோடாகத் தெரிந்தால்தான். ஒரு அடி. இன்னொரு அடி. நடையின் சுவர் தோளில் உரசியது. கட், கட், கட் என்று ஸ்டிக் அடித்துக்கொண்டது, ஆத்திரத்தில். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனுசன் அடித்த சொடக்குக்கு அவள் கீழ்ப்படியாதது இதுதான் முதல் தடவை. அடுப்படி வந்தது. முதுகில் பின்கதவின் மரம் பட்டது. தாழ்ப்பாளைக் கை தேடியது. ஃபெரி இன்னும் ஓடும். நடுக்கடலுக்குப் போய்விட்டால் எந்த அலை எட்டும்? தங்கையின் மகளுக்குப் பூ வைக்கலாம். அங்கேயே இருந்துவிடலாம். தாழ்ப்பாள் நகர்ந்தது. மழைக்காற்று முதுகில் ஜில்லென்று பட்டது.

நடைக்கு அந்தக் கோடியில் புள்ளி கொஞ்சம் நீண்டது.

அவள் கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். அசைய முடியாத கை. அசையவே முடியாத கை. பெட்டி மெதுவாக, மிக மெதுவாகத் திரும்புகிறது. புள்ளி கீற்றாயிற்று. கீற்று கோடாயிற்று. சிவப்புத் துணி தெரிந்தது.

கட்.

தாழ்ப்பாளைக் கை மூடியது. கால் நடந்தது. அடுப்படி. நடை. கூடம். "அம்மா!" என்று கத்தினாள், மழை தின்றுவிட்டது. கட்டிலருகே வந்ததும் முழங்கால் மடிந்தது. தரையில் உட்கார்ந்தாள். கை போய் அவருடைய செத்த வலக்காலைப் பிடித்து அமுக்கத் தொடங்கியது. கட், அமுக்கு. கட், அமுக்கு. அவருடைய வாயின் நல்ல பக்கம் மேலே ஏறியது. சிரிக்கிறார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்புத்தான் அவரை மாட்டிவிட்டது. எச்சில் புரையேறியது. இருமல். ஒரு தரம், இரண்டு தரம், பிறகு நிற்காமல். உடம்பு குலுங்கியதில் கட்டைவிரல் ஸ்டிக்கிலிருந்து நழுவியது.

கை அவளிடம் வந்தது.

தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், மஹ்பூபா காட்டித் தந்திருக்கிறாள். யோகம்மா அதைச் செய்யவில்லை. பெட்டியின் பக்கத்தில் விரலைவிட்டு, சிக்கந்தர் செய்த மாதிரியே, அந்தத் தகரக் கூட்டைப் பிடுங்கினாள். சுடுசோறு போல் சுட்டது. அடுப்படிக்கு ஓடி, உரலில் போட்டு, உலக்கையால் இடித்தாள். தகரம் நசுங்கியது. உள்ளேயிருந்த கல் பொடியாகும் சத்தம், பல்லைக் கடித்தது போல். இன்னும் இடித்தாள். வேணும். உனக்கு வேணும். இத்தனை வருஷத்துக்கும் வேணும்.

கூடத்தில் இருமல் நின்றிருந்தது.

எல்லாமே நின்றிருந்தது. கட் இல்லை. மூச்சில்லை. மழைகூட விட்டுவிட்டது. பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். யோகம்மா திரும்பி வந்து பார்த்தாள். கண் திறந்திருந்தது. கட்டைவிரல் மடங்கிக் கிடந்தது. ஐயோ என்று வரவில்லை. ஒன்றும் வரவில்லை. பையை எடுத்தாள். வாசலைப் பார்த்து நடந்தாள். கால் அவளுடையது, அவளுடையதுதான்.

வாசற்படிக்கு ஒரு அடி முன்னால் கால் இடப்பக்கம் ஒடிந்தது.

மெதுவாக. இழுப்பில்லை, வெட்டில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைந்து, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி. தலைமாட்டைச் சுற்றி. மறுபடி கால்மாடு. நிற்கப் பார்த்தாள். நிற்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடிக்கப் பார்த்தாள். கை வரவில்லை. கத்தப் பார்த்தாள்.

வாயும் வரவில்லை.

ஒவ்வொரு அடிக்கும் தாயத்து நெஞ்சில் இடித்தது. இடித்த இடத்தில் ஊசி. வியர்வையில் அரக்கு இளகி, வெள்ளிக்கூட்டின் அடிப்பக்கம் திறந்திருந்தது. குனிய முடியாத கழுத்தோடு கண்ணை மட்டும் தாழ்த்தினாள். கூட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன, பளபளவென்று, இரண்டு கம்பிக்கால்.

கேட்கிற கல்.

இரும்புக் கதவை யாரோ ஆட்டினார்கள். "அக்கா! நான்தான் மஹ்பூபா. ரோடெல்லாம் பஞ்சீர், முட்டளவு வெள்ளம், பஸ்ஸே இல்ல. கதவைத் திறங்க லா!" பிறகு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நனைந்த முக்காடும் இரண்டு கண்ணும். "அக்கா? என்ன பண்றீங்க? அண்ணன் ஏன் அப்படிக் கிடக்காரு? அக்கா, நில்லுங்க!"

யோகம்மா ஜன்னலைத் தாண்டிப் போனாள். சுற்றி வந்தாள். மறுபடி ஜன்னல். மஹ்பூபா அழுதுகொண்டே கதவை உலுக்கினாள். உள்தாழ்ப்பாள் பலமாகத்தான் இருந்தது. இடக்கையில் பை தொங்கியது. வலக்கை தானாக முன்னால் நீண்டு, மற்ற விரல்கள் மடங்கி, சின்ன விரல் மட்டும் நிமிர்ந்து நின்றது. அன்றைக்குக் கூறைச் சேலையில் ஓமத் தீயைச் சுற்றி வந்தபோது அவர் பிடித்திருந்த விரல். இதே மெதுவான நடை. நிமிர்ந்து நின்ற அந்த விரல் இப்போது லேசாக அமுங்கியது, யாரோ பிடித்ததுபோல். ஈரமாக, ஜில்லென்று.

அவள் கட்டிலைச் சுற்றி வந்தாள்.